ஐந்தரையும் மூன்றரையும்

மஹ்லகா ஜெயித்தவற்றில் கையில் எடுத்துக் காட்டக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பச்சைத் தெர்மாஸ் குடுவை. ஊர்ப் பெண்கள் தங்களுக்குள் நடத்திக்கொண்ட பந்தயத்தில் கிடைத்தது. அதில் முதலில் வருபவருக்குப் பரிசு கிடையாது. பனிச்சரிவின் உச்சியிலிருந்து அடிவரை சறுக்கி வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஒவ்வொருத்தியும் முன்னாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிய நேரத்துக்கு மிக நெருங்கி வருபவருக்குக் குடுவை. பதினோரு பேரில் பத்துப் பேர் ஒன்றரை நிமிடத்துக்குக் குறைவாக எழுதினார்கள். மஹ்லகா மூன்று நிமிடம் பத்து விநாடி என்று எழுதினாள். மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடியில் வந்து நின்றாள்.

அடுத்தது பக்கத்து ஊர் தர்பந்த்சரின் கிழக்குச் சரிவு. பனி கண்ணாடியாக இறுகிக் கிடந்த ஒரு காலையில் ஓரிடத்திலும் நிற்காமல் இறங்கினாள். அதற்குப் பின் ஷெம்ஷக்கிலேயே, தன் சொந்த ஊரின் செங்குத்தான சரிவில், கம்பியில் தொங்கி ஓடும் நாற்காலியில் மேலே போய்விட்டுச் சறுக்குப் பலகைகளின் மேலேயே கீழே வந்தாள். அதே நாளில் ஒன்றுவிட்ட அக்காள் கமரின் வாயையும் ஜெயித்தாள். அன்று முழுவதும் கமர் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியாகச் சொல்ல வேண்டியது பாட்டு. இப்போதெல்லாம் திருப்பத்துக்குத் திருப்பம் ஏதாவது ஒரு கல்யாணப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் அவள் வருகிறாள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் பலகைகளைப் பழுதுபார்க்கும் அண்ணனின் பட்டறை வாசல் வரை கேட்கும்.

இதையெல்லாம் பட்டறைக்கு வருகிறவர்களிடம் சொல்லாமல் அவளுடைய அண்ணன் நோஸ்ரத்தால் இருக்க முடியாது. விநாடியைக்கூடக் குறைத்தோ கூட்டியோ சொல்ல மாட்டார். தெஹ்ரான்காரர் யாராவது, "நீங்கதான் தங்கச்சிக்குக் கத்துக்குடுத்தீங்களா உஸ்தா?" என்று கேட்டுவிட்டால் மட்டும் முகம் மாறிவிடும். கையிலிருக்கும் அரத்தைப் பார்த்தபடி, "இல்ல. நான் கெடுத்தேன். அவளே சரிபண்ணிக்கிட்டா" என்பார். வந்தவர் அதைத் தன்னடக்கம் என்று எண்ணிச் சிரிப்பார். நோஸ்ரத் சிரிக்க மாட்டார். அவளை இருபத்திரண்டு குளிர்காலம் பயத்தில் வைத்திருந்தது தன் கை என்பது அவருக்குத் தெரியும்.

நோஸ்ரத் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பலகையின் விளிம்பைத் தீட்டுவது, அடியில் மெழுகு தேய்ப்பது, பூட்ஸைக் கவ்விப் பிடிக்கும் பூட்டை முறுக்கி வைப்பது, இவைதான் அவர் தொழில்; அதனால்தான் உஸ்தா, மேஸ்திரி, என்று கூப்பிடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து செய்வார். அந்தப் பூட்டில் ஒரு திருகு இருக்கிறது, பக்கத்தில் எண்கள். எண் கூடக்கூடப் பூட்டு இறுகும். வேகமாகப் போகிறவனை நடுவழியில் விட்டுவிடாது. எண் குறைந்தால் விழும்போது சட்டென்று திறந்து காலை விட்டுவிடும். எந்த எண் என்பதைச் சீட்டு சொல்லும். எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம் எல்லாம் எழுதியபின் கடைசியில் ஒரு கட்டம். மெதுவாக, நிதானமாகப் போகிறவர் ஒன்று. நடுத்தரமானவர் இரண்டு. வேகமாகப் பாய்கிறவர் மூன்று. இதைப் பலகைக்காரரே சொல்லி, அடியில் தம் கையெழுத்தைப் போட வேண்டும்.

ஷெம்ஷக்கில் பிறந்த ஒருவரும் மூன்றைத் தவிர வேறு எண்ணைப் போட்டதில்லை. ஒன்று என்பது தெஹ்ரானிலிருந்து வார விடுமுறையான வியாழன், வெள்ளிகளில் வருகிறவர்களுக்கு. கம்பி நாற்காலி கிளம்பும் லிஃப்டடியில் தேநீர் விற்கும் மஷ்தி ஹைதருக்கு வயது எழுபது, இரண்டு முழங்காலிலும் வலிக்குப் பட்டை. அவர் சீட்டிலும் மூன்றுதான்.

மஹ்லகாவுக்குப் பதினேழு வயதானபோது, ஈரானிய நாட்காட்டிப்படி 1374 எஸ்ஃபந்த் மாதம், அவளுடைய சீட்டை நோஸ்ரத்தே எழுதினார். ஐம்பத்தொரு கிலோ. நூற்றறுபது சென்டிமீட்டர். அவள் ஒன்று என்பது அவருக்குத் தெரியும்; திருப்பங்களை ரசித்து, அடிக்கடி நின்று மலையைப் பார்த்து, மெதுவாக இறங்குகிறவள். ஆனால் பட்டறையில் அப்போது நாலு பேர் கையுறையைக் காயவைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். பட்டறைக்காரனின் தங்கை ஒன்றா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. மூன்று என்று எழுதினார். பள்ளிக்கூடம் போயிருந்த அவளுக்குப் பதிலாகக் கையெழுத்தையும் தாமே போட்டார். ஒன்று என்றால் மூன்றரையில் நிற்க வேண்டிய திருகை ஐந்தரைக்குத் திருகினார்.

அந்தக் காலத்தில் பெண்கள் சறுக்கும் பக்கம் தனி, ஆண்கள் பக்கம் தனி. நடுவில் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நோஸ்ரத் பார்த்தார். மத்தியானப் பனி இளகிக் கிடந்தது. ரொட்டிக்கடைக்கு நடந்து போகிற வேகத்தில்தான் அவள் வந்தாள். இடது பலகை ஈரப்பனியில் சொருகி நின்றது. உடம்பு மெல்லத் திரும்பியது. பலகை கழன்றிருக்க வேண்டும். கழலவில்லை. கால் எலும்பு உடைந்த சத்தம் கயிற்றைத் தாண்டிக் கேட்டது.

சாயங்காலம் உறவுக்காரர்கள் வந்து கூடத்தை நிறைத்தார்கள். மஹ்லகா காலில் கட்டுடன் படுத்திருந்தாள். "எப்படிடா விழுந்தா? நம்ம பொண்ணு அவ்வளவு லேசுல விழுவாளா?" என்று மாமா கேட்டார். எல்லோரும் நோஸ்ரத்தைப் பார்த்தார்கள். பலகை விஷயம் தெரிந்தவர் அவர்தான்.

"பயந்துட்டா. பின்னாடி சாஞ்சுட்டா" என்றார் நோஸ்ரத்.

மறுநாள் பட்டறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் திருகை மூன்றரைக்கு இறக்கி வைத்தார். சீட்டை அடுப்பில் போட நினைத்தார். எழுதி வைத்த எதையும் எறிந்து பழக்கமில்லாதவர். சீட்டுகளைப் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவின் அடியில் வைத்தார்.

கால் கூடியது. மஹ்லகா சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊரின் பாதிப் பேருக்கு ஊசி போட்டாள். பிரசவ வலியெடுத்த பெண்ணைப் பனிப்புயலில் தெஹ்ரானுக்கு வண்டியில் கூட்டிப்போனாள். கல்யாணமாகி தர்லான் பிறந்தாள். எதற்கும் பயப்படாதவள் பலகையில் ஏறினால் மட்டும் விறைத்துப்போனாள். சரிவின் விளிம்புக்கு வந்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். அவள்தான் சாய்கிறவள் என்று ஊரே சொல்லி வைத்திருந்ததே! ஒவ்வொரு குளிர்காலமும் இரண்டு மூன்று தடவை மேலே போவாள். பிறகு அதே கம்பி நாற்காலியில் உட்கார்ந்தபடியே கீழே வருவாள்.

கீழே வருகிற நாற்காலியில் உட்கார்ந்தால் மேலே போகிற ஊர் முழுவதும் எதிரே வரும்.

"மஹ்லகா, அடுப்புல ஏதாவது வச்சுட்டு வந்துட்டியா?" என்று கத்துவாள் கமர்.

"ஆமாக்கா, உன் நாக்கை வேகப்போட்டிருக்கேன். இன்னும் வேகல" என்று இவளும் கத்துவாள். நாற்காலிகள் எல்லாம் சிரிக்கும். அடியில் இறங்கியதும் அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் இருக்காது. பட்டறை வாசலில் நின்று பார்க்கும் நோஸ்ரத் உள்ளே போய்விடுவார்.

ஒரே ஒரு தடவை, கல்யாணமான வருஷம், அவள் கேட்டாள். அண்ணனை அவள் தாதாஷ் என்றுதான் கூப்பிடுவாள். "தாதாஷ், விழுந்தா இது திறந்துக்குமா?"

திருகு மூன்றரையில் இருந்தது. திறக்கும் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஏன் திறக்கவில்லை என்று அடுத்த கேள்வி வருமே என்று பயந்தார். "பூட்டைப் பத்தி ஏன் யோசிக்கிறே? சாயாம இரு, போதும்" என்றார். ஒவ்வொரு வருஷமும் அவள் சீட்டில் மூன்று என்று எழுதி, அவளுக்காகக் கையெழுத்துப் போட்டு, திருகை மட்டும் யாருக்கும் தெரியாமல் மூன்றரையில் வைத்தார். பலகை காலை விடாது என்ற நினைப்பிலேயே அவள் விறைத்து நின்றாள்.

1396 பஹ்மன் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை காலை, மஹ்லகா ஒரு பையோடு பட்டறைக்கு வந்தாள். உள்ளே தர்லானின் புது பூட்ஸ்.

"பிள்ளை எங்க?"

"பள்ளிக்கூடத்துல. எடை நாப்பத்தஞ்சு, உயரம் நூத்தம்பத்தஞ்சு. நேத்து நானே அளந்துட்டேன். எழுதிக்கோ."

நோஸ்ரத் எழுதினார். பூட்ஸின் அடியை இரண்டு தடவை அளந்து எழுதினார். வயது பதின்மூன்று. கடைசிக் கட்டத்துக்கு வந்தார்.

"மூணு போடு" என்றாள் மஹ்லகா.

"அவ மெதுவாப் போறவளாச்சே."

"அதனாலதான் சொல்றேன். அம்மா மாதிரியே பொண்ணும்னு ஒருத்தர் வாயில வரக்கூடாது. மூணு போட்டு நீயே கையெழுத்தும் போட்டுடு. எனக்கு நேரமாச்சு, ரெண்டு குழந்தைங்க தடுப்பூசிக்குக் காத்திருக்கு."

நோஸ்ரத் பேனாவைக் கீழே வைத்தார்.

"கதவைச் சாத்து."

"ஏன், குளிருதா?"

"சாத்தும்மா."

டப்பாவைக் கவிழ்த்து அடியிலிருந்த சீட்டை எடுத்து அவள் முன் வைத்தார். மடிப்பில் மஞ்சளாகியிருந்தது. அவள் படித்தாள். ஐம்பத்தொரு கிலோ. பதினேழு வயது. மூன்று. அடியில் அண்ணன் கையெழுத்து.

"இது என்னோடது."

"உன்னோடதுதான். அன்னிக்கு நீ மூணு இல்ல, ஒண்ணு. எனக்குத் தெரியும். நாலு பேர் நின்னாங்க, அதனால மூணு போட்டேன். பூட்டு அஞ்சரையில இருந்துச்சு. மூணரையில இருந்திருக்கணும்."

"இருந்திருந்தா?"

"பலகை கழண்டிருக்கும். எழுந்து பனியைத் தட்டிவிட்டுட்டுப் போயிருப்பே."

மஹ்லகா உட்காரவில்லை. நோயாளியிடம் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டாள். "நான் வேகமா வந்தேனா?"

"இல்ல. நடக்கிற வேகம்."

"மாமா கேட்டப்ப என்ன சொன்னே?"

"உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும். அங்கதானே படுத்திருந்தேன். உன் வாயால இன்னொரு தடவை சொல்லு."

"பயந்துட்டா, பின்னாடி சாஞ்சுட்டான்னு சொன்னேன்."

"சாஞ்சேனா?"

"இல்ல. நேராத்தான் நின்னே. ஒழுங்காத்தான் விழுந்தே. அந்த ஈரப்பனியில யாரா இருந்தாலும் அப்படித்தான் விழுந்திருப்பாங்க."

"அப்புறம்? இத்தனை வருஷமா எத்தனையில வச்சிருந்தே?"

"மூணரையில. மறுநாளே இறக்கிட்டேன்."

"சீட்டுல?"

"மூணுன்னு."

அவள் பழைய சீட்டை அவர் பக்கம் தள்ளினாள். "இருபத்திரண்டு வருஷமா அந்த நாற்காலியில கீழ வந்திருக்கேன், தாதாஷ். திறக்குமான்னு உன்கிட்ட கேட்டேனே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலையா உனக்கு?"

அவள் மகளின் பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டாள். கதவை ஓங்கிச் சாத்தியிருந்தால் நோஸ்ரத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தூங்கும் குழந்தை உள்ள அறைக் கதவைப் போல மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

அந்த வார இறுதியில் இடுப்பளவு பனி கொட்டியது. சாலை அடைபட்டது, கம்பி நாற்காலியும் ஓடவில்லை. நோஸ்ரத்தின் மனைவி எஷ்ரத் சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டு வந்து கேட்டாள்: "உங்க தங்கச்சி எங்கிட்ட அரை மணி நேரம் பேசினா. உங்க பேரே அவ வாயில வரல. சண்டையா?"

"ஆமா."

"தப்பு யார் மேல?"

"என் மேல."

"அப்பச் சரி. நான் என்னமோ புதுசா ஏதாவதுன்னு பயந்துட்டேன்."

எஷ்ரத் சிரித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். அன்று அவளுக்கும் சொன்னார். அவள் பீன்ஸ் போட்ட லூபியா சோற்றைக் கிளறுவதை விட்டுவிட்டு, "இதை எனக்கே இப்பத்தான் சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பட்டறையில் வேலை இல்லை. நோஸ்ரத் டப்பாவிலிருந்த ஊர்க்காரர்களின் சீட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு. இருநூற்றொன்பதில் மூன்று. மீதி மூன்றும் வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்களுடையவை. எத்தனை பேரின் காலை இப்படிக் கட்டி வைத்திருக்கிறோம் என்று நினைத்தார்.

அடுத்த நாள் மண்வாரியை எடுத்துக்கொண்டு போய்த் தங்கையின் வீட்டு வாசலிலிருந்து தெருவரை பனியை அள்ளினார். ஜன்னல் திரை அசைந்தது. உள்ளே வந்து ஒரு வாய் தேநீர் குடி என்று யாரும் கூப்பிடவில்லை. அந்த ஊரில், அந்தக் குளிரில், அண்ணனைத் தேநீருக்குக் கூப்பிடாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. மறுநாளும் அள்ளினார். மறுநாளும் யாரும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஜன்னல் விளிம்பில் ஆவி பறக்க ஒரு கிளாஸ் தேநீர் இருந்தது. பக்கத்தில் சர்க்கரைக் கட்டி இல்லை. நின்றபடியே, கசக்கக் கசக்க, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

சனிக்கிழமை வெயில் அடித்தது. தெஹ்ரான்காரர்கள் திரும்பிப் போய்விட்டிருந்தார்கள். மஹ்லகா தன் பலகைகளைத் தோளில் சுமந்தபடி வந்து பட்டறை முன்னால் போட்டாள். வணக்கம் சொல்லவில்லை.

"திறக்குதான்னு காட்டு."

நோஸ்ரத் அவசரமாகப் பலகையை மேசையில் மாட்டி, பூட்ஸைச் செருகி, பக்கவாட்டில் கையால் ஓங்கித் தட்டினார். டக் என்று திறந்தது.

"அங்க இல்ல. என் கால்ல."

வெளியே வந்து சமதளமான பனியில் இரண்டு பலகைகளிலும் ஏறி நின்றாள். "முனையைப் பிடிச்சுக்கோ. நான் திரும்பறேன்." நோஸ்ரத் மண்டியிட்டு இடது பலகையின் முனையை இரண்டு கையாலும் பிடித்தார். உடைந்த கால் அது. அவள் மூச்சை இழுத்து உடம்பைத் திருகினாள். டக். கால் வெளியே வந்துவிட்டது. ஒன்றரை அடி தள்ளிப் பனியில் போய் உட்கார்ந்தாள்.

எழுந்தாள். மறுபடி மாட்டினாள். மறுபடி விழுந்தாள்.

லிஃப்டடியிலிருந்து மஷ்தி ஹைதர் கூவினார்: "என்ன உஸ்தா, வெட்டவெளியில வச்சுத் தங்கச்சியை அடிக்கிறியா?"

"விழக் கத்துக்கறேன் மஷ்தி! நீங்க டீயைப் போடுங்க!" என்றாள் மஹ்லகா.

"நாப்பது வயசுலயா?"

"நீங்க எழுபதுல இன்னும் கத்துக்கலையே!"

நாலாவது தடவை முகம் வெளுத்திருந்தது. ஆறாவது தடவை, டக் என்ற சத்தம் கேட்டதும், அவளிடமிருந்து ஒரு சின்னச் சிரிப்பு வெளிப்பட்டது. ஒன்பதாவது தடவை அண்ணன் பிடிப்பதற்குள் தானே சாய்ந்து விழுந்து, தலைத்துணியெல்லாம் பனியாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நோஸ்ரத் மண்டியிட்டபடியே இருந்தார். பதினேழு வயதுக்கு அப்புறம் பலகை மாட்டிய காலோடு அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. அவருக்கு அழுகை வந்தது. கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அழாதே. உன்மேல எனக்குக் கோவம் போகல" என்றாள், பனியில் கிடந்தபடியே.

"தெரியும்."

"எப்பப் போகும்னும் தெரியல."

"சரி."

"கையைக் குடு."

தூக்கிவிட்டார். இருவரும் பட்டறைக்குள் போனார்கள். அடுப்பைச் சுற்றி நாலைந்து பேர். மஷ்தி ஹைதர் தேநீர்த் தட்டோடு வந்திருந்தார், கமர் கையுறையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நோஸ்ரத் புதுச் சீட்டை எடுத்து எடை, உயரம், வயது முப்பத்தொன்பது, பூட்ஸின் நீளம் எல்லாம் எழுதினார். கடைசிக் கட்டத்தில் அவர் பேனா நின்றது. நிமிர்ந்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "இவ கால் உடைஞ்சது இவ சாஞ்சதால இல்ல. நான் பூட்டைத் தப்பா முறுக்கினேன். அன்னிக்கு நான் சொன்னது பொய்."



மஹ்லகா அவர் விரல்களிலிருந்து பேனாவை உருவினாள். கட்டத்தில் ஒன்று என்று எழுதினாள்.

கமருக்குத் தாங்கவில்லை. "ஒண்ணா? ஷெம்ஷக்காரி ஒருத்தி ஒண்ணா? ஊர் மானமே போச்சு!"

"போன வாரம் முழங்கால் வீங்கி ஊசி போட்டுக்க வந்தது யாருக்கா? உன் சீட்டுல மூணுதானே இருக்கு?"

ஹைதர் தட்டைக் கீழே வைத்தார். "ஏம்மா, ஒண்ணுன்னா முட்டிக்கு நல்லதா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

மஹ்லகா அதற்குள் சீட்டின் அடிப்பகுதிக்கு வந்திருந்தாள். பழக்க தோஷத்தில் நோஸ்ரத்தின் கை பேனாவை வாங்க நீண்டது.

"எனக்காக நீ போட்டது போதும், தாதாஷ்" என்றாள்.

கையை இழுத்துக்கொண்டார். மருந்துச் சீட்டில் எழுதுகிற அதே நிதானத்தோடு அவள் தன் பெயரை முழுதாக எழுதினாள். பக்கத்தில் தேதியையும் போட்டாள்: சனிக்கிழமை, பஹ்மன் 14, 1396.